கல்வெட்டு காத்த பெருமகனார் லூயிஸ் ரைஸ்

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழராகிய நாம், இம்மண்ணின் பழைய வரலாற்றில் ஒரு பகுதியைத் தமிழிலேயே படிக்கலாம். அவ்வரலாற்றை மறைந்துபோகாமல் காத்தவர்களுள் தலைசிறந்தவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

அன்னார் 1837-ஆம் ஆண்டு பெங்களூரிலேயே பிறந்தார். தந்தையார் லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார். இங்கிலாந்தில் கல்வி கற்று 1860-இல் திரும்பிய ரைஸ், பிற்காலத்தில் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்த உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். பின்னர்ப் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக ஊர்தோறும் சென்றபோது, கோயிற் சுவர்களிலும் வயல்வெளிகளிலும் எழுத்துப் பொறித்த கற்கள் கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டார். அன்று பற்றிய ஆர்வம் அவருடைய வாழ்நாட் பணியாயிற்று.

1885-இல் மைசூர் அரசு தொல்பொருள் துறையை நிறுவியபோது, அதன் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டுப் பண்டிதர்களின் துணையுடன், கன்னடம், தமிழ், சம்ஸ்கிருதம் என்ற வேறுபாடு கருதாது, சுமார் 9,000 கல்வெட்டுகளைத் திரட்டினார். அவை ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்னும் பெயரில் 12 தொகுதிகளாக வெளிவந்தன. 1905-இல் வெளியான ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்திற்கு உரியது. டொம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அதில் இடம்பெற்றுள்ளன.

இவ்வட்டாரத்துக் கல்வெட்டுகள் பெரும்பாலும் நிலத்தைப் பற்றியே பேசுகின்றன. மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்காலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே அளிக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கிறது. அங்கேயே 1365-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று தாமரைக்கிரை என்னும் ஊரைச் சொல்கிறது. அதுவே இன்றைய தாவரெகெரெ. அக்காலத்துத் தோம்பலூரே இன்றைய டொம்லூர்.

நிலக்கொடை சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்கவேண்டும் என்பது அக்காலத்தார் விருப்பம். ஆனால் ஏரிகள் பல தூர்ந்தன. சம்பங்கி ஏரியின் இடத்தில் இன்று கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கிறது. வீடு கட்டவும் வீதி அமைக்கவும் நிலம் வேண்டியதே. ஆயினும் அந்நிலம் முன்பு யாருக்குப் பயன்பட்டது என்னும் நினைவும் உடன் அழிந்தால், இழப்பு இரு மடங்காகும். ரைஸ் படியெடுத்த கற்களுள் பல இன்று காணக் கிடைப்பதில்லை. கல் போன பின்பும் அதன் செய்தி அவருடைய நூலிலே வாழ்கிறது.

1906-இல் ஓய்வு பெற்ற அப்பெரியார், 1927-இல் இங்கிலாந்தில் காலமானார். கன்னட மக்கள் அவரை இன்றும் நன்றியோடு போற்றுகின்றனர். அந்நன்றியில் நமக்கும் பங்குண்டு. இக்கற்கள் நாம் பிறரிடம் பெருமை பேசுவதற்காக அல்ல. பல மொழியினர் ஒரே ஏரி நீரைப் பகிர்ந்து உண்டு வாழ்ந்ததற்குச் சான்றாக நிற்பவை. ஆதலின், நம் குடும்பத்தார் குழந்தைகளுடன் டொம்லூருக்கும் மடிவாளத்துக்கும் ஒருமுறை சென்றுவருதல் நன்று. சுண்ணாம்போ வண்ணமோ எழுத்தை மூடியிருப்பின் கோயிலாரிடம் பணிவுடன் எடுத்துரைப்போமாக. அதுவே ரைஸ் பெருமகனாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.