வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா? ஏஎல்எஸ் நோயோடு 6 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அமெரிக்க செனட்டர் ஜாவிட்ஸின் கதை

2020 ஏப்ரல். கொரோனா உச்சத்தில் இருந்த நியூயார்க்கில், பிரமாண்டமான ஒரு கண்காட்சி வளாகம் தற்காலிக மருத்துவமனையாக மாறியது. உலகமே வென்டிலேட்டர் என்ற வார்த்தையைத் தினமும் உச்சரித்த நேரம் அது. அந்த வளாகத்தின் பெயர் ஜேக்கப் ஜாவிட்ஸ் மையம். இதில் ஒரு விநோதம் உண்டு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரே தன் கடைசிக் காலத்தில் சுவாசக் கருவியின் உதவியோடுதான் வாழ்ந்தார்.

யார் இந்த ஜாவிட்ஸ்?

1904-ல் நியூயார்க்கின் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தார். அப்பா குடியிருப்புக் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். அம்மா தள்ளுவண்டியில் பொருள் விற்றவர். மகன் சட்டம் படித்து வழக்கறிஞரானார், பிறகு அரசியலுக்கு வந்தார். 1957 முதல் 1981 வரை 24 ஆண்டுகள் செனட்டர்.

குடியரசுக் கட்சிக்காரர்தான். ஆனா, கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களுக்கு உறுதியாகத் துணை நின்றவர். காங்கிரஸைக் கேட்காமல் அதிபர் நீண்ட நாள் போர் நடத்த முடியாதபடி 1973-ல் வந்த சட்டம், தொழிலாளர்களின் ஓய்வூதியத்தைப் பாதுகாக்கும் 1974-ம் ஆண்டுச் சட்டம் இரண்டிலும் அவருடைய பங்கு முக்கியமானது.

75 வயதில் வந்த நோய்

1979-ல் அவருக்கு ஏஎல்எஸ் இருப்பது தெரியவந்தது. பேஸ்பால் வீரர் லூ கெரிக்கை 1941-ல் பலிகொண்ட அதே நோய். அமெரிக்காவில் இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள்.

தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக அழிவதுதான் இந்த நோய். கை, கால், பேச்சு, விழுங்குதல் என்று படிப்படியாக முடங்கும். பலருக்கு அறிவும் நினைவும் தெளிவாகவே இருக்கும். கடைசியில் மூச்சு விட உதவும் தசைகளும் பலவீனமாகும். பெரும்பாலானவர்கள் அறிகுறி தொடங்கி 2 முதல் 5 ஆண்டுகளில் இறப்பதற்கு இதுதான் காரணம்.

ஜாவிட்ஸ் நோயை மறைக்கவில்லை. 1980-ல் அதை வெளிப்படையாக அறிவித்துவிட்டே 5-வது முறையாகத் தேர்தலில் இறங்கினார். உட்கட்சித் தேர்தலில் அல் டமாட்டோவிடம் தோற்றார். அவருடைய வயதும் உடல்நிலையும் பிரசாரத்தில் பேசுபொருளாகின. லிபரல் கட்சி சார்பில் பொதுத் தேர்தலிலும் நின்று பார்த்தார். அதிலும் தோல்விதான்.

கருவியோடு ஒரு வாழ்க்கை

பதவி போனது. நோய் முற்றியது. ஆனா அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். சக்கர நாற்காலியும், கையோடு எடுத்துச் செல்லும் சுவாசக் கருவியும் துணைக்கு வந்தன. 1983-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

இங்கதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கருவியால் உயிர் வாழ்ந்த இதே மனிதர்தான், குணமாக வாய்ப்பில்லாத நோயாளிகள் தங்கள் சிகிச்சையைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமைக்காகவும் பேசினார். நினைவு தெளிவாக இருக்கும்போதே, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கும் 'வாழும் உயில்' முறைக்கு ஆதரவு திரட்டினார். 1985-ல் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே காங்கிரஸ் குழுவின் முன் இதற்காக வாதாடினார்.

இது முரண்பாடா? இல்லை. அவர் கருவியை ஏற்றதும், இன்னொருவர் அதை மறுப்பதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள்தான்.

ஏன் முன்கூட்டியே முடிவெடுக்கணும்?

அதே 1985-ல், விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு ஜெனீவாவில் கடும் நிமோனியா வந்தது. வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருந்தார். கருவியை நிறுத்திவிடலாமா என்ற கேள்வி மனைவி ஜேன் முன் வந்தது. அவர் மறுத்தார். தொண்டையில் துளையிடும் அறுவை சிகிச்சை நடந்தது. ஹாக்கிங் குரலை இழந்தார், ஆனால் இன்னும் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடையது மிக அபூர்வமான உதாரணம். ஆனா, நோயாளியால் பேச முடியாத நேரத்தில் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை அது காட்டுகிறது.

சரி, முடிவெடுக்கும் முன் என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

* முகமூடி போல மாட்டும் கருவி வேறு, தொண்டைத் துளை வழியாக இணைக்கும் வென்டிலேட்டர் வேறு. முதலாவதை இரவில் மட்டும் பயன்படுத்தித் தொடங்கலாம், வேண்டாம் என்றால் கழற்றியும் வைக்கலாம்.
* வென்டிலேட்டர் மூச்சைத்தான் காக்கும். நோயை நிறுத்தாது. மற்ற தசைகள் தொடர்ந்து பலவீனமாகும்.
* தொண்டைத் துளை வழி என்றால் 24 மணி நேரமும் பக்கத்தில் ஆள் வேண்டும். சளியை அடிக்கடி உறிஞ்சி எடுக்கணும். மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு வேண்டும். பராமரிக்கும் குடும்பத்தின் நிலையும் இந்தக் கணக்கில் சேரும்.
* வேண்டாம் என்று முடிவெடுத்தால், மூச்சுத்திணறலால் துடிக்க விட்டுவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. திணறலையும் பதற்றத்தையும் தணிக்க மருந்துகள் உண்டு.
* எந்த நிலை வந்தால் கருவியை நிறுத்தலாம் என்பதையும் தொடங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

ஜாவிட்ஸ் 1986 மார்ச் 7 அன்று ஃப்ளோரிடாவில், 81 வயதில், மாரடைப்பால் இறந்தார். 4 ஆண்டுகள் கழித்து, 1990-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறியது. சிகிச்சையை ஏற்கவும் மறுக்கவும், முன்கூட்டியே எழுதி வைக்கவும் உரிமை உண்டு என்பதை மருத்துவமனைகள் நோயாளிகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. கருவி வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் அந்தச் சட்டம் ஒன்றுதான்.