நாற்றங்கால் போட்டுக் கம்ப்யூட்டர் செய்தவர்



குத்தாலத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு வயல் வேலை. முதல் நாள் லேபில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தபோது, எதைத் தொட்டால் எது கெட்டுப் போகுமோன்னு கை நடுங்கியது. நம்மில் பல பேருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் பயம் உள்ளவர்களுக்காகவே இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

பேராசிரியர் ஆர். நரசிம்மன் 1926-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் டெலிகம்யூனிகேஷன் படித்தார். பிறகு அமெரிக்கா சென்று கால்டெக்கில் எம்.எஸ். பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1954-இல் தாயகம் திரும்பி, ஹோமி பாபா நிறுவிய பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

கம்ப்யூட்டர் ஒன்றை இங்கேயே செய்ய வேண்டும் என்பது அங்கே ஒரு சிறு குழுவுக்குத் தரப்பட்ட வேலை. குழுவில் பெரும்பாலோர் பிசிக்ஸ் படித்த இளைஞர்கள். நரசிம்மனைத் தவிர யாரும் வெளிநாடு போனதில்லை. கம்ப்யூட்டர் செய்வது கிடக்கட்டும், அதில் வேலை பார்த்த அனுபவமே யாருக்கும் கிடையாது.

எடுத்த எடுப்பில் அவர்கள் பெரிய மிஷினில் கை வைக்கவில்லை. நம்ம ஊரில் நாற்றங்காலில் நாற்று விட்டுப் பிறகு நடவு போடுகிற மாதிரி, முதலில் சின்னதாக ஒரு மாதிரி மிஷின் செய்தார்கள். 1956-இல் அது ஓடியது. அதில் கற்றதை வைத்துப் பெரியதைக் கட்டி, 1960-இல் முறைப்படி வேலைக்குக் கொண்டு வந்தார்கள். 2,700 வால்வுகள், 1,700 டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள்! மெமரி, 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். அதாவது 10 கேபி. இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோகூட அதில் அடங்காது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

ஜாவா, பைதான் மாதிரி சௌகரியம் எதுவும் அதில் இல்லை. கட்டளைகளைப் பூஜ்யமும் ஒன்றுமாக எழுத வேண்டும். மெமரியில் ஒவ்வொரு இடத்தையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

ஆனால் அதைக் கட்டி முடிப்பதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. 1964-இல் அதே நிலையத்துக்கு அமெரிக்காவின் சிடிசி 3600 வந்து சேர்ந்தது. அப்போ பட்ட பாடு வீணா? இல்லவே இல்லை. மிஷின்தான் பழசாச்சு. கற்ற தொழில் பழசாகவில்லை.

1965-இல் இந்தியக் கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தலைவரானார் நரசிம்மன். 1970-களில் சாஃப்ட்வேர் வளர்ச்சிக்கான தேசிய மையத்தை இயக்குநராக இருந்து வளர்த்தார். அரசின் சிஎம்சி நிறுவனத்துக்கும் அவரே முதல் சேர்மன். 1978-இல் ஐபிஎம் நாட்டை விட்டுப் போனபோது, அதன் மிஷின்களைப் பழுது பார்த்து ஓட வைத்தது அந்த நிறுவனம்தான். 1980-களில் டெல்லியில் ரயில் ரிசர்வேஷனைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் அதுவே. 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பேராசிரியர், 2007-இல் பெங்களூரில் காலமானார்.

போன செமஸ்டரில் நான் எழுதிய பில் போடும் புரோகிராம் மூணு நாள் ஓடவே இல்லை. நமக்கு இது ஆகாது, ஊருக்கே போயிடலாம்னு தோணிச்சு. அப்புறம் அதைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, பேப்பரில் பென்சிலால் வரி வரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லூப்பில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருந்தது!

நண்பர்களே, நாளைக்குக் கம்பெனியில் ஜாவா இருக்கலாம், டேட்டாபேஸ் இருக்கலாம், நாம் கேள்விப்படாத வேறொன்றும் வரலாம். டூல் மாறிக்கொண்டேதான் இருக்கும். சின்னதாகச் செய்து பார், ஓட்டிப் பார், தப்பைத் தேடு, பிறகு பெரிதாகக் கட்டு. இந்தப் பழக்கம் கையில் இருந்தால், வீட்டில் யாரும் படிக்கவில்லையே என்று நாம் தலை குனிய வேண்டியதில்லை.