செஞ்சியர்கோன் தேசிங்கு

செஞ்சிக் கோட்டையை அறியாதார் தமிழ்நாட்டில் அரியர். நாயக்கர், பீஜப்பூர்ச் சுல்தான், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் அதனை மாறி மாறி ஆண்டனர். 2025-ஆம் ஆண்டில் அஃது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது. எனினும், பனமலை முதலாய அவ்வட்டாரத்து ஊர்களில் செஞ்சி என்றவுடன் நினைவிற்கு வருபவன், ஓராண்டும் முற்ற ஆளாத இளைஞன் ஒருவனே. அத்தேசிங்குராஜன் வாழ்க்கையையும், அவனும் அவன் தோழனும் அடங்கிய இடங்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தேசிங்கின் இயற்பெயர் தேஜ் சிங் என்பது. பந்தேல இராஜபுத்திரக் குடியினன். 1698-இல் மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் செஞ்சியை மராட்டியரிடமிருந்து கைப்பற்றினான். அதன்பின் ஔரங்கசீப்பின் ஆட்சியில் அங்குக் கோட்டைத் தலைவனாய் அமர்ந்த சொரூப்சிங்கே தேசிங்கின் தந்தை. அவன் இறந்தபின் மைந்தன் அவ்வுரிமையைத் தனதாக்கிக் கொண்டான். ஆர்க்காட்டு நவாப்பு சாதத்துல்லாகான் அதனை ஒப்பாது, நெடுநாள் நின்ற திறைநிலுவையைக் கேட்டான். தேசிங்கு பணிய மறுத்தான். பாராசாரிக் குதிரையை அவன் அடக்கிய செய்தியைக் கதைப்பாடல் விரித்துரைக்கும். வரலாறு காட்டுவதோ இத்திறை வழக்கேயாம்.

நவாப்பின் படை பல்லாயிரம்; தேசிங்கின்பால் இருந்தோர் சில நூறு குதிரை வீரரே. சிங்கவரத்து அரங்கநாதர் போரைத் தடுப்பார்போல் முகம் திருப்பினார் என்பது ஊரார் வழக்கு. தோழன் மகபத்கான் தன் திருமணத்தையும் விடுத்து விரைந்து வந்தான் என்ப. 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் நிகழ்ந்த போரில் இருவரும் மாண்டனர். தேசிங்கிற்கு அப்போது வயது ஏறத்தாழ 22. எம் வகுப்பு மாணவரினும் இரண்டு மூன்று ஆண்டுகளே மூத்தவன்!

தேசிங்கின் உடல் கோட்டையினுள் செட்டிகுளக் கரையில் எரியூட்டப்பட்டது. அவ்வெரியிலேயே அவன் இளமனைவியும் உயிர் நீத்தாள். இராணிப்பேட்டை அவள் நினைவாக எழுந்த ஊர் என்பது வழிவழிச் செய்தி. கணவனோடு எரிபுகும் வழக்கத்தை யாம் போற்றோம். அப்பேதையின் பொருட்டு இரங்குவோம். மகபத்கானோ தன் சமய முறைப்படி நீலாம்பூண்டியில் அடக்கம் செய்யப்பட்டான். போர்க்குதிரைக்கும் ஆங்கே ஒரு சமாதியுண்டு.

ஒருநாளில் ஒருகளத்தில் வீழ்ந்த நண்பருள் ஒருவனைத் தீயும் மற்றவனை மண்ணும் ஏற்றன. ஆயின் கதைப்பாடல் அவ்விருவரையும் பிரித்ததன்று. ஒருவன் பெயரைச் சொல்லி மற்றவன் பெயரை விடுதல் அதற்கு இயலாது. வென்ற நவாப்பைப் பாடுவார் இலர். தேசிங்கின் துணிவில் விவேகம் குறைவு என்பாரும் உளர், அது பொய்யன்று. ஆனால், தோல்வி உறுதியென்று அறிந்தும் நண்பனைத் தனியே விடாத மகபத்கானின் அன்பிலே குறை காண்பார் யார்? கோட்டை காணச் செல்லும் மாணவ நண்பர்காள்! குன்றேறிக் களித்து மீள்வதோடு அமையாது, நீலாம்பூண்டிக்கும் சென்று சிறிது நேரம் நின்று வருவீர்களாக. செஞ்சியின் மதில்களினும் உறுதியானதொன்று அங்கே மண்ணுள் உறங்குகின்றது.