பித்தளையை நம்பிய தையற்காரர்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

மெட்டீரியல்ஸ் பாடத்தில் 'கார்ட்ரிட்ஜ் பிராஸ்' என்று ஒரு வரி வருமே, ஞாபகம் இருக்கிறதா? செம்பு 70, துத்தநாகம் 30. இரண்டு மார்க் கேள்வி. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவி விடுவோம். பாத்திரத்துக்கும் குழாய்க்கும் கூட ஆகிற இந்தப் பித்தளைக்குத் தோட்டாவின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று நான் நோண்டிப் பார்த்தேன். அப்போது அகப்பட்டவர்தான் ஆம்ப்ரோஸ் பர்ன்சைடு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தளபதி என்று சரித்திரப் புத்தகங்கள் இவரை ஓரமாகத் தள்ளி வைத்திருக்கின்றன. தளபதியை விட்டுவிட்டு, மெட்டீரியல் தேர்வு செய்த மனுஷனைப் பார்ப்போம்.

1824 மே 23-ல் இண்டியானா மாநிலத்தில் லிபர்ட்டி என்ற சின்ன ஊரில் பிறந்தார். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். மேலே படிக்கப் பணம் இல்லை, தையற்கடையில் தொழில் பழகப் போனார். பிறகு ஊரிலேயே கூட்டாகக் கடையும் போட்டார். (என் அப்பாவும் பஜாரில் மெஷின் மிதிக்கிறவர்தான். இந்த இடத்தில் எனக்குப் பர்ன்சைடு மேல் ஒரு பாசம் வந்துவிட்டது, மறைப்பானேன்?) அவருடைய அப்பாவுக்கு அரசியல் செல்வாக்கு இருந்ததால் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1847-ல் தேறி வெளியே வந்தார்.

நியூ மெக்ஸிகோ பக்கம் குதிரை மேல் ரோந்து போகும் வேலை. 1849-ல் அபாச்சிகளோடு நடந்த மோதலில் கழுத்தில் அம்பு பாய்ந்தது, பிழைத்துக் கொண்டார். அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு வாய் வழியாக மருந்து கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். ஓடுகிற குதிரை மேல் உட்கார்ந்து கொண்டு இதைச் செய்து பாருங்கள் தெரியும்! குதிரைப்படைக்கு வேண்டியது குட்டையான துப்பாக்கி, அதாவது கார்பைன். அதிலும் பின்பக்கமாகத் திறந்து சட்டென்று தோட்டா போடுகிற மாதிரி வேண்டும்.

பின்பக்கம் திறந்தால் அங்கேதான் தொல்லையும். அன்றைக்கு இருந்தது கருப்பு வெடிமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி. இது எரியும்போது பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் கசடாகத் தங்கிவிடும். மிச்சம் சூடான வாயுவாகி, இண்டு இடுக்கு எங்கே என்று பார்த்து வெளியே சீறும். சுடுகிறவன் முகம் அந்த இடுக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது! அப்படியானால் தோட்டாவின் உறையை எதில் செய்வது? இந்த ஒரு கேள்விக்குத்தான் அந்த நாளைய கார்பைன்காரர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள்.

ஷார்ப்ஸ் கார்பைனுக்குக் காகித உறை, துணி உறை. விலை மலிவு, மருந்தோடு எரிந்தும் போகும். ஆனால் வாயுவை அடைக்காது, அந்த வேலையைத் துப்பாக்கியின் இரும்பே செய்தாக வேண்டும். மழையில் நனைந்தால் கதை முடிந்தது. ஸ்மித் கார்பைனுக்கு ரப்பர் உறை. அது விரிந்து நன்றாகவே அடைத்தது. ஸ்பென்ஸருக்குச் செம்பு. பர்ன்சைடு கேட்டது பித்தளை.

ஏன் பித்தளை? நம்ம பாடப் பாஷையிலேயே சொல்கிறேன். வெடிக்கும் நொடியில் உறை விரிந்து அறையின் சுவரோடு ஒட்ட வேண்டும், அப்போதுதான் வாயு பின்னால் வராது. அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கித் திரும்பவும் வேண்டும், அப்போதுதான் கையோடு வரும். விரிவதற்கு டக்டிலிட்டி, திரும்புவதற்கு எலாஸ்டிசிட்டி. சுத்தச் செம்பு மெத்தென்று விரியும், ஆனால் திரும்பி வரும் குணம் குறைவு, சுவரைப் பிடித்துக் கொள்ளும். பித்தளையோ அச்சில் இழுபட இழுபடக் கெட்டியாகி ஸ்பிரிங் குணம் ஏறும். ரொம்பக் கெட்டியானால் அனீலிங் செய்து இளக்கலாம். இரண்டு குணமும் ஒரே உலோகத்தில் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் பிராஸ் என்ற பெயரின் அர்த்தம் இதுதான்.

பித்தளைக்கும் ஒரு சத்துரு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக்கள், யாரும் சுடாமலே விரிசல் விட்டன. லாயத்து அம்மோனியாவும், இழுத்து உருவாக்கியபோது உறைக்குள் தங்கிய ஸ்டிரெஸும் சேர்ந்து செய்த வேலை! சீஸன் கிராக்கிங் என்று படிக்கிறோமே, அது நம்ம நாட்டு மழையில் வெளிப்பட்ட சங்கதி.

பர்ன்சைடுக்கு வருவோம். 1853-ல் ராணுவ வேலையை விட்டுவிட்டு, ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் துப்பாக்கிப் பட்டறை வைத்தார். 1856 மார்ச் 25-ல் பேடன்ட் வாங்கினார். அவருடைய தோட்டாவை முதலில் படத்தில் பார்த்தபோது கோன் ஐஸ் என்றே நினைத்தேன். குண்டு இருக்கும் பக்கம் அகலம், அடிப்பக்கம் கூம்பி இருக்கும். லீவரை இறக்கினால் மருந்து அறை மேலே பார்த்துச் சாயும், தோட்டாவைச் சொருகி மூட வேண்டியதுதான். ஆனால் தீ மூட்டும் பொருளை அவர் தோட்டாவுக்குள் வைக்கவில்லை. அடியில் ஒரு சின்ன ஓட்டை மட்டும். வெளியே நிப்பிளில், நம்ம தீபாவளிப் பொட்டு வெடி மாதிரி ஒரு கேப் வைக்க வேண்டும். சுத்தி அடித்ததும் தீப்பொறி அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும்.

1857-ல் வெஸ்ட் பாயிண்டில் நடந்த ராணுவச் சோதனையில் இவருடைய கார்பைன் முதலிடம். பெரிய ஆர்டர் வரும் என்று நம்பி இருந்தார், வரவில்லை. 1858-ல் காங்கிரஸ் தேர்தலில் நின்று தோற்றார். கடன் கழுத்தை நெரித்தது. பேடன்ட்டைக் கடன்காரர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயில் சம்பளத்துக்குப் போனார். 1860-ல் கம்பெனி பிராவிடன்ஸ் நகரத்துக்கு மாறியது. ஜார்ஜ் ஃபாஸ்டர் என்பவர் அதே உறையில் குண்டுக்குக் கீழே ஒரு புடைப்பு வைத்து அடைப்பை இன்னும் சரியாக்கினார். 1861-ல் போர் வந்தது, சுமார் 55,000 கார்பைன்கள் விற்றன! ஷார்ப்ஸ், ஸ்பென்ஸருக்கு அடுத்து அதிகம் புழங்கியது இதுதான். பெயர் பர்ன்சைடு, லாபம் வேறு யாருக்கோ. இந்தப் பகுதியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. எங்க வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவன் நான். கையில் தொழில் இருந்தும், தாக்குப் பிடிக்கப் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இந்த வரியைப் படிக்கும் நம்மில் பலருக்கும் இருக்கும்.

போரில் அவர் கதை சுருக்கம். 1862 தொடக்கத்தில் ரோனோக் தீவில் வெற்றி. பெரும்படைத் தலைமை தேடி வந்தபோது, தனக்கு அந்தத் திறமை இல்லை என்று இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை ஏற்க வேண்டி வந்தது. 1862 டிசம்பர் 13-ல் ஃபிரெடரிக்ஸ்பர்க். மிதவைப் பாலப் படகுகள் வந்து சேரத் தாமதம், அதற்குள் எதிரி மேட்டைப் பிடித்துக் கொண்டான். அப்படியும் மேட்டை நோக்கி அலை அலையாக ஆட்களை அனுப்பினார். 12,000 பேருக்கு மேல் சேதம். பழியைத் தன் தலையில் போட்டுக் கொண்டார், அது நல்ல குணம்தான். ஆனால் போன உயிர் போனதுதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 1864 ஜூலை 30-ல் பீட்டர்ஸ்பர்க்கில் சுரங்கம் வெட்டி 8,000 பவுண்டு கருப்பு மருந்தை வெடிக்க வைத்தார்கள். முன்னே செல்லப் பயிற்சி பெற்ற கறுப்பின வீரர்களின் பிரிவை மேலிடம் கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னது. மாற்று ஆளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தார் பர்ன்சைடு! பித்தளையைச் சோதித்துச் சோதித்து எடுத்த கைதான் இதையும் செய்தது.

அதற்குள் கார்பைன் உலகம் அவரைத் தாண்டிவிட்டது. ஸ்பென்ஸரின் தோட்டாவில் மூட்டும் பொருள் உறையின் விளிம்புக்குள்ளேயே இருந்தது, தனிக் கேப் வேண்டாம். விளிம்பு நசுங்கினால்தான் தீப்பிடிக்கும், அதனால் மெத்தென்ற செம்பு அங்கே பொருத்தம். 1865-ல் பர்ன்சைடு கம்பெனியே ஸ்பென்ஸர் கார்பைன் செய்து கொடுத்தது, 30,000-க்கும் மேல். ஆனால் 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் சில கார்பைன்களில் செம்பு உறை சூட்டிலும் கசடிலும் சிக்கி வெளியே வரவில்லை. அந்தத் தோல்விக்கு அது மட்டும் காரணம் இல்லை, இருந்தாலும் செம்பின் குறை எல்லோருக்கும் தெரிந்து போனது. பிறகு அடிப்பக்க நடுவில் தனி மூட்டி, சுற்றிலும் இழுத்துச் செய்த பித்தளை என்று வந்து நின்றது. பர்ன்சைடுக்கு உலோகம் சரி, மூட்டும் வழி பாதி. ஸ்பென்ஸருக்கு வழி சரி, உலோகம் பாதி.

போருக்குப் பின் 1866 முதல் மூன்று ஆண்டுகள் ரோட் ஐலண்ட் கவர்னர். 1871-ல் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் தலைவர். 1875 முதல் செனட்டர். 1881 செப்டம்பர் 13-ல் பிரிஸ்டலிலேயே காலமானார், வயது 57. காதோரம் வளர்ந்து மீசையோடு சேரும் அவருடைய கிருதா பிரபலமாகி, பெயரைத் திருப்பிப் போட்டுத்தான் 'சைடுபர்ன்ஸ்' என்ற சொல்லே வந்தது. சலூனில் தினமும் அவர் பெயரைச் சொல்கிறார்கள், யாரென்று தெரியாமலே!

பழைய கார்பைன்களை இன்றும் ஆசைக்குச் சுடுகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கூம்பு உறை கடையில் சுலபமாகக் கிடைக்காது. பித்தளைக் கம்பியை லேத்தில் பிடித்துக் கடைந்து செய்கிறார்கள், பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். டேப்பர் டர்னிங்தான், நமக்குத் தெரிந்த ஆபரேஷன். ஆனால் நம்ம ஷாப்பில் யாரும் ஆரம்பித்து விடாதீர்கள், இன்ஸ்ட்ரக்டர் என் பெயரைத்தான் சொல்வார்!