வீழ்ந்த அணிகளும் மூடியிருந்த கதவும்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசா நகரில், பல்கலைக்கழக ஆய்வுப் பணியின் பொருட்டு மூன்று ஆண்டுகள் வசித்தேன். நான் முடிவெட்டிக்கொள்ளச் செல்லும் கடையின் சுவரில் பெரிய புகைப்படம் ஒன்று தொங்கும். கட்டம்போட்ட தொப்பி, உழுத வயலைப்போல் கோடுகள் ஓடிய முகம், எதையும் எளிதில் நம்பிவிடாத கண்கள். யாரோ அரசியல் தலைவர் என்றே முதலில் எண்ணினேன். கால்பந்துப் பயிற்சியாளர் என்றும், 1983-ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார் என்றும் பிறகு அறிந்தேன். பெயர் பால் பிரையண்ட். கரடி பிரையண்ட் என்றால்தான் அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

கடைக்காரர் எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர். அவர் கடையில் அந்தப் படம் ஏன் இருக்கிறது என்பது பிரையண்டைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பெரிய கேள்வியாயிற்று.

முதலில் ஒரு விளக்கம். இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதி முன்னேறும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி அணியில் எவரும் நிலையாக இருப்பதில்லை. நான்கு ஆண்டுகளில் மாணவர் பட்டம் பெற்று வெளியேறிவிடுவார். எனவே ஒவ்வோர் ஆண்டும் பள்ளி முடிக்கும் இளைஞர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, பெற்றோரை இசையச்செய்து, உதவித்தொகை தந்து அழைத்துவர வேண்டும். இதில் ஓராண்டு தவறினால், அதன் விலையை அடுத்த மூன்று ஆண்டுகள் கொடுக்க வேண்டியிருக்கும். வீழ்ந்துகிடக்கும் கல்லூரிக்குத் துன்பம் இரட்டிப்பு. தோற்கும் அணியில் சேர நல்ல வீரன் வரமாட்டான், அவன் வராதவரை அணியும் தோற்றுக்கொண்டே இருக்கும்.

இந்தச் சுழலிலிருந்து நான்கு கல்லூரிகளை மீட்டவர் பிரையண்ட். முப்பத்தெட்டுப் பருவங்களில் 323 வெற்றிகள். அலபாமாவில் மட்டும் ஆறு தேசியப் பட்டங்கள். கடும் ஒழுங்கு, வியர்வை, அஞ்சாமை ஆகியவற்றால் இவற்றைச் சாதித்தார் என்பது ஊர் வழக்கு. அந்தக் கதை பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

1913-இல் ஆர்கன்சா மாநிலத்தின் மோரோ பாட்டம் என்னும் சிற்றூரில், பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவதாகப் பிறந்தவர் அவர். தந்தை நோயாளி. தாய் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் காய்கறி ஏற்றி அருகிலிருந்த ஃபோர்டைஸ் நகரில் விற்பார். மகனும் உடன் செல்வான். பதின்மூன்று வயது வாக்கில் அந்நகருக்கு வந்த கேளிக்கைக் குழுவின் கரடியுடன் மல்லுக்கு நின்றதால் பட்டப்பெயர் வந்தது. நிமிடத்துக்கு ஒரு டாலர் தருவதாகச் சொன்ன ஆள், பணம் தராமலேயே ஓடிவிட்டாராம். 1931-இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் ஃபோர்டைஸுக்கு வந்து இவரை அழைத்துச்சென்றார். பள்ளிப் படிப்பே முழுமையாக முடியாதிருந்ததால், டஸ்கலூசாவின் உயர்நிலைப் பள்ளியில் அதை முடித்துவிட்டுத்தான் கல்லூரிக்குள் நுழைந்தார். யாரோ ஒருவர் தேடி வந்ததால் வறுமையிலிருந்து மேலேறியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தலைமைப் பயிற்சியாளராக முதலில் அமர்ந்தது 1945-இல், மேரிலாந்தில். அதற்கு முந்தைய ஆண்டு ஒரே ஒரு போட்டியில் வென்றிருந்த அணி அது. போர் முடிந்து கடற்படையிலிருந்து விடுபட்ட பிரையண்ட், அங்கே தாம் பயிற்றுவித்த வீரர்கள் பலரையும் கையோடு அழைத்துவந்தார். அணி ஆறு வெற்றிகள் பெற்றது. தாம் விலக்கிவைத்த வீரரைப் பல்கலைக்கழகத் தலைவர் மீண்டும் சேர்த்ததால் ஒரே பருவத்தோடு விலகினார். பிறகு கென்டக்கியில் எட்டு ஆண்டுகள். 1951 புத்தாண்டு நாளில், தொடர்ந்து 31 போட்டிகளில் தோல்வியறியாதிருந்த ஓக்லஹோமா அணியை 13-7 என்று அவரது அணி வீழ்த்தியது.

1954-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கு வந்தார். அன்று அது பெண்கள் இல்லாத, இராணுவப் பயிற்சி கட்டாயமான கல்லூரி. பதினெட்டு வயது இளைஞன் விரும்பி வரும் இடமன்று. கையில் கிடைத்த அணியைப் பார்த்த பிரையண்ட், செப்டம்பர் தொடக்கத்தில் அவர்களைப் பேருந்தில் ஏற்றி, ஜங்ஷன் என்னும் தொலைதூர ஊருக்குக் கொண்டுபோனார். பல ஆண்டு வறட்சியில் வெடித்த நிலம், முள்ளும் கல்லும், கொளுத்தும் வெயில். பத்து நாள், விடியலிலிருந்து பயிற்சி. பயிற்சியின்போது தண்ணீர் குடிக்க அனுமதி இல்லை. இரவோடு இரவாகப் பலர் ஓடினர். பாதிக்கு மேற்பட்டோர் விலகினர். இரண்டு பேருந்துகளில் போனவர்கள் ஒரே பேருந்தில் திரும்பினார்கள் என்பது டெக்சஸில் வழங்கும் கதை. வெப்பத்தாக்குதலில் ஓர் இளைஞர் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார்.

இதை வீரகாவியமாகச் சொல்லும் நூலும் படமும் உண்டு. எனக்கு அதில் வியக்க ஒன்றும் தோன்றவில்லை. தாகத்தில் தவிப்பவனுக்குத் தண்ணீர் மறுப்பது பயிற்சியாகாது. அன்று யாரும் இறக்காதது தற்செயல். விளைவையும் பார்க்கலாமே: அந்தப் பருவத்தில் அணி ஒன்றில் வென்று ஒன்பதில் தோற்றது. பிரையண்டின் முப்பத்தெட்டு ஆண்டுகளில் தோல்விகள் வெற்றிகளை விஞ்சிய ஒரே பருவம் அதுதான்.

அடுத்த ஆண்டே ஏழு வெற்றிகள். 1956-இல் தோல்வியே இல்லாமல் கூட்டமைப்புப் பட்டம். அந்த அணியில் ஜங்ஷனில் தாக்குப்பிடித்த ஜாக் பார்டி, ஜீன் ஸ்டாலிங்ஸ் போன்றோர் இருந்தனர் என்பது மெய்தான். ஆனால் 1954-இல் முதலாண்டு மாணவராகச் சேர்ந்த ஜான் டேவிட் குரோவும் இருந்தார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே அவர் ஜங்ஷனுக்குப் போகவே இல்லை. 1957-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றவர் அவரே. கடுமையைத் தாங்கியவர்களோடு புதிதாக வந்தவர்களும் சேர்ந்த பிறகே அணி எழுந்தது. வந்த வழி முழுவதும் நேரானதன்று. கல்லூரியின் செல்வந்தப் புரவலர்கள் வீரர்களுக்குப் பணம் தந்தனர். விதிமீறலுக்காகத் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் தண்டித்ததால், அந்த 1956 அணி புத்தாண்டுக் கோப்பைப் போட்டி எதிலும் ஆட முடியவில்லை. பணம் கைமாறியதைத் தன்வரலாற்றில் பிரையண்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜங்ஷன் குறித்தும், அந்த இளைஞர்களில் ஒருவனாக இருந்திருந்தால் தாமும் விலகியிருக்கக்கூடும் என்று பிற்காலத்தில் சொன்னார். அவரிடம் எனக்குப் பிடித்தது இந்த நேர்மை. காலம் கடந்தே வந்தாலும்.

இதற்கிடையே அலபாமா சரிந்துகிடந்தது. 1955 முதல் மூன்று பருவங்களில் நான்கே வெற்றிகள். அவற்றில் முதற்பருவத்தில் ஒன்றுகூட இல்லை. தாய்வீடு அழைக்கிறது என்று காரணம் கூறி, 1958-இல் பிரையண்ட் டஸ்கலூசா திரும்பினார். இங்கே அவர் செய்தது பொறுமையான வேலை. முதலாண்டு மாணவர்களை அழைத்து அமரவைத்து, தம்மை நம்பி உழைத்தால் பட்டம் பெறும்போது நாட்டின் முதல் அணியாக இருப்பார்கள் என்றார். ஸ்காட்ஸ்பரோ ஊரின் பாட் டிராமெல், டஸ்கலூசாவை ஒட்டிய நார்த்போர்ட்டின் பில்லி நெய்பர்ஸ் ஆகியோர் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். அந்த ஆண்டு அவர்கள் ஆட முடியாது. பார்க்க மட்டுமே முடியும். இருந்த வீரர்களைக் கொண்டே ஐந்து வெற்றிகள் ஈட்டினார். பிறகு ஏழு, எட்டு. 1961-இல், அந்த மாணவர்களின் இறுதியாண்டில், பதினொரு போட்டிகளிலும் வெற்றி. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்த புள்ளிகள் 25. நான்கு ஆண்டுக் கணக்கு நாள் தவறாமல் நிறைவேறியது.

பயிற்சி முறையில் அவர் நுட்பமானவர். மாற்று வீரர்களை விருப்பம்போல் இறக்க விதிகள் இடம்தராத காலத்தில், உருவில் சிறியவர்களும் வேகமானவர்களும் களைப்பறியாதவர்களுமான இளைஞர்களைத் தேர்ந்தார். பென்சில்வேனியாவிலிருந்து மேரிலாந்து செல்லவிருந்த ஜோ நேமத், அங்கே கல்வித்தகுதி போதாமல் இடம் கிடைக்காதபோது அவரை அழைத்துக்கொண்டார். அதே நேமத் 1963 இறுதியில் ஒழுங்கு மீறியதும், அணியின் தலையாய வீரர் என்று பாராமல் கடைசி இரண்டு போட்டிகளுக்கு விலக்கிவைத்தார். 1964-லும் 1965-லும் மீண்டும் பட்டம்.

இதே ஆண்டுகளில் அதே வளாகத்தில் வேறொன்றும் நடந்தது. 1963 ஜூன் 11 அன்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் என்னும் இரு கறுப்பின மாணவர்கள் சேரவந்தபோது, ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பல்கலைக்கழக அரங்கின் வாசலில் வந்து நின்று மறித்தார். அவர் விலக நேர்ந்தது, மாணவர்கள் சேர்ந்தனர். கால்பந்து அணியின் வாசல் மட்டும் மூடியே கிடந்தது. 1966-இல் அலபாமா ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. ஆயினும் தரவரிசையில் மூன்றாமிடமே கிடைத்தது. முன்னால் இருந்த மிச்சிகன் ஸ்டேட் அணியில், தென்மாநிலங்கள் ஏற்க மறுத்த கறுப்பின இளைஞர்கள் பலர் ஆடினர். அலபாமாவில் 1967-இல் கறுப்பின மாணவர் ஐவர் உதவித்தொகை இன்றித் தாமாகவே பயிற்சிக்கு வந்தனர். ஒருவரும் முறையான போட்டியில் ஆடவில்லை. அதே கூட்டமைப்பில் கென்டக்கி 1967-லும், டென்னசி 1968-லும் கறுப்பின வீரர்களைக் களமிறக்கிவிட்டன.

1969-இல் பிரையண்டின் அணி மீண்டும் சரிந்தது. பலவீனமான வாண்டர்பில்ட்டிடம்கூடத் தோல்வி. பரம எதிரி ஆபர்ன் 49 புள்ளிகள் குவித்தது. ஆறு வெற்றி, ஐந்து தோல்வி. விதிகள் தளர்ந்து பெரிய உடல்வாகுடைய வீரர்களின் காலம் வந்திருந்தது. அவரோ பழைய வார்ப்பிலேயே இருந்தார். அந்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர் அமைப்பு, வீரர் சேர்ப்பில் பாகுபாடு காட்டப்படுவதாக அவர்மீதும் வழக்குத் தொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் ஓசார்க் என்னும் ஊரின் வில்பர் ஜாக்சன் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின வீரராகக் கையெழுத்திட்டார். மயாமியின் தொழில்முறை அணி அழைத்தபோது பிரையண்ட் போய்விடவும் இருந்தார், போகவில்லை.

1970 செப்டம்பரில் தென் கலிஃபோர்னியா அணி பர்மிங்ஹாமுக்கு வந்து 42-21 என்று அலபாமாவைச் சிதைத்தது. சாம் கன்னிங்ஹாம் என்னும் கறுப்பின வீரர் 135 கெஜம் ஓடினார். அந்த ஒரு மாலைதான் அலபாமாவின் மனத்தை மாற்றியது என்று இன்றும் சொல்கிறார்கள். அது வசதியான கதை. ஜாக்சன் அன்று பார்வையாளர் பகுதியில் முதலாண்டு மாணவராக அமர்ந்திருந்தார். வழக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. என்னை உறுத்துவது வேறொரு செய்தி. எதிரணியில் ஓடிய கிளாரன்ஸ் டேவிஸ் பிறந்த ஊரே பர்மிங்ஹாம்தான்.

அடுத்த ஆண்டு இரண்டு மாற்றங்கள். ஆட்டமுறையையே தூக்கியெறிந்து, டெக்சஸின் டாரல் ராயலிடம் விஷ்போன் முறையைக் கற்று, கோடையில் இரகசியமாகப் பயிற்றுவித்தார். தலைமை ஆட்டக்காரர் பந்தைக் கொடுப்பதா, தானே ஓடுவதா, பக்கத்தில் வீசுவதா என்பதை ஓட்டத்தின் நடுவே முடிவுசெய்யும் முறை அது. ஐம்பத்தேழு வயதில், மூன்று பட்டங்கள் வென்ற பிறகு, மாணவனாகிப் பிறரிடம் கற்கச்செல்வது எளிதன்று. மற்றொன்று, மொபீல் நகரின் ஜான் மிட்செல். சொந்த மாநிலம் அழைக்காததால் அரிசோனாவின் சிறு கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவர். அவரைச் சேர்க்கவிருப்பதாகத் தென் கலிஃபோர்னியாவின் பயிற்சியாளர் பேச்சுவாக்கில் சொல்ல, பிரையண்ட் உடனே தொலைபேசியை நாடினாராம். 1971 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் அதே தென் கலிஃபோர்னியாவை அலபாமா 17-10 என்று வென்றது. மிட்செல் களத்தில் இருந்தார். அது பிரையண்டின் 200-ஆவது வெற்றி. மறு ஆண்டு மிட்செல் இணைத்தலைவர். அதற்கடுத்த ஆண்டு அலபாமாவின் முதல் கறுப்பின உதவிப் பயிற்சியாளர். 1973, 1978, 1979 பட்டங்கள் தொடர்ந்தன.

வாலஸின் மாநிலத்தில் அவரால் முன்னதாக என்ன செய்திருக்க முடியும் என்று அவருக்காக வாதிடுவோர் உண்டு. ஆளுநரைவிடவும் மக்கள் அன்புகொண்டிருந்த ஒருவர் அம்மாநிலத்தில் இருந்தார் என்றால், அது அவர்தான். 1961 பட்டத்துக்குப் பிறகு அவர் ஒரு கறுப்பின இளைஞனின் வீட்டுப் படியேறியிருந்தால் தடுக்க எவருக்குத் துணிவு வந்திருக்கும்? அணியின் தேவை வந்தபோது திறந்த கதவு, நியாயத்துக்காகத் திறக்கவில்லை. அதற்குள் பத்து ஆண்டுகள் போய்விட்டன.

1982 டிசம்பர் 29 அன்று கடைசிப் போட்டியை வென்றார். இருபத்தெட்டு நாள் கழித்து மாரடைப்பில் இறந்தார், வயது 69. டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் இடுகாடுவரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் மக்கள் நின்றனர்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் கடைசியாக முடிவெட்டச் சென்றபோதுதான் பெரியவரிடம் கேட்டேன். 1966-இல் கறுப்பின மாணவர்களுக்கான பள்ளியில் படிப்பை முடித்ததாகவும், அப்போது ஊரிலேயே தம்மைவிட வேகமாக ஓடியவர் இல்லை என்றும் சொன்னார். இரண்டு மைல் தொலைவிலிருந்த பல்கலைக்கழகத்திலிருந்து அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. அவர் அண்ணன்மகன் எழுபதுகளின் இறுதியில் பள்ளியில் ஆடியபோது வந்தார்களாம். கரடி பிரையண்டே வந்து, அவர் அண்ணியின் சமையலறையில் அமர்ந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். படம் யாருக்காக என்று கேட்கவில்லை. அவர் துண்டை உதறி என் தோளில் போர்த்தி, கண்ணாடிப் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.