அம்பேத்கர் என்னும் பெயரின் வேர்

அண்ணல் அம்பேத்கரின் பெயர் பார்ப்பன ஆசிரியர் ஒருவர் அளித்த கொடை என்ற கதையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அக்கதையில் மறைந்துபோவது அவருடைய குடும்பமே.

மராட்டியத்தின் இரத்தினகிரி மாவட்டத்து அம்படவே என்னும் சிற்றூரே அக்குடும்பத்தின் பூர்வீகம். மகர் சமூகத்தைச் சேர்ந்த அவர்களின் குலப்பெயர் சக்பால். பாட்டனார் மாலோஜி பிரித்தானியப் படையில் பணியாற்றியவர். தந்தை ராம்ஜி சுபேதாராகவும் இராணுவப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். கபீர் நெறியைப் பின்பற்றியவர். தாய் பீமாபாயும் படைவீரர் குடும்பத்தவர். மௌ நகரில் 1891 ஏப்ரல் 14 அன்று அவர்களின் பதினான்காம் குழந்தையாக அம்பேத்கர் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்த அவரை வளர்த்தவர் அத்தை மீராபாய்.

மராட்டியத்தில் ஊர்ப்பெயருடன் 'கர்' என்னும் விகுதியைச் சேர்த்துக் குடும்பப் பெயராக வழங்குவது பல சாதியாரிடமும் உள்ள வழக்கம். பீமாபாயின் பிறந்தகத்துப் பெயரான முர்பாத்கர் என்பதும் முர்பாத் என்னும் ஊரால் வந்ததே. அவ்வாறே ராம்ஜியின் மகனுக்கும் சக்பால் என்பதற்கு மாற்றாக அம்படவேகர் என்னும் பெயர் அமைந்தது. 1900 நவம்பர் 7 அன்று அவர் சதாரா அரசுப் பள்ளியில் சேர்ந்தார். அம்பேத்கர் என்னும் பெயருடைய ஆசிரியர் ஒருவர் அவர்மீது கொண்ட அன்பால் பள்ளிப் பதிவில் தம் பெயரையே இட்டார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவ்வாசிரியரை அம்பேத்கரும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

அந்த அன்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் மாற்றியதாகக் கூறப்படுவது முன்பே இருந்த ஒரு பெயரின் வடிவத்தையே. அப்பெயரை மகனுக்கு உரியதாக்கியது முன்னோரின் ஊர். அவரைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் தந்தை. அதே பள்ளியில் அச்சிறுவன் கோணிச் சாக்கின்மீது தனியே அமர்த்தப்பட்டதையும், தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமை மறுக்கப்பட்டதையும் விடுத்து ஆசிரியரின் கருணையை மட்டும் பேசுவது வரலாறு ஆகாது.

ராம்ஜி 1913 பிப்ரவரியில் மறைந்தார். மகன் கொலம்பியாவில் பெற்ற பட்டங்களை அவர் காணவில்லை. இன்று தமிழகச் சேரிகளில் பிள்ளைகளுக்கு அம்பேத்கர் என்று பெயரிடுகிறோம். கொங்கணச் சிற்றூர் ஒன்றின் பெயர் நம் வீடுகளில் முதற்பெயராகி நிற்கிறது. அதை அழைக்கும்போதெல்லாம் ராம்ஜியையும் பீமாபாயையும் மீராபாயையும் சேர்த்தே நினைவுகூர நாம் கடமைப்பட்டுள்ளோம்.