பரங்கிமலை பீரங்கிச் சத்தத்தை வைத்து காற்றை அளந்தவர்: யார் இந்த ஜான் கோல்டிங்ஹாம்?

தாம்பரத்தில் கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி பரங்கிமலை வரும். அங்கிருந்து நுங்கம்பாக்கம் போய்ச் சேர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே தூரத்தை ஒரு பீரங்கிச் சத்தம் 26 விநாடியில் கடந்துவிடும்.

200 வருஷத்துக்கு முன்னால் இந்த விநாடிகளை ஒருவர் எண்ணிப் பார்த்தார். ஒருமுறை இருமுறை இல்லை, நூற்றுக்கணக்கான முறை. ஒவ்வொரு முறையும் காற்றின் அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்தார்.

அவர்தான் ஜான் கோல்டிங்ஹாம். இன்று அழுத்தத்தையும் திரவங்களின் நிலையையும் அளக்கும் சென்சார்களை வடிவமைப்பவர்கள் தினமும் மோதும் ஒரு சிக்கலில் அவர் அன்றைக்கே மாட்டிக்கொண்டார். அது என்ன சிக்கல்?

யார் இவர்?

1786-ல் கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி, எழும்பூரில் தன் சொந்த செலவில் ஒரு வானியல் கண்காணிப்பகம் அமைத்தார். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்தவர் கோல்டிங்ஹாம். பிறகு கம்பெனியே அந்தக் கருவிகளை எடுத்துக்கொண்டது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் கண்காணிப்பகம் எழுந்தது. கருவியைத் தாங்க அங்கே நிறுத்தப்பட்ட 15 அடி கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழ், தெலுங்கு உள்பட பல மொழிகளில் அதில் கல்வெட்டு உண்டு.

கண்காணிப்பகத்தைத் திட்டமிட்ட மைக்கேல் டாப்பிங் 1796-ல் இறந்துபோக, பொறுப்பு கோல்டிங்ஹாமிடம் வந்தது. டாப்பிங் யோசனையில் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளியையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். 8 மாணவர்களோடு ஆரம்பித்த அந்தச் சின்ன பள்ளிதான் பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

அவர் செய்த இன்னொரு வேலையை டி.வி.யில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 2016-ல் ஜெயலலிதா உடலும், 2018-ல் கருணாநிதி உடலும் பொதுமக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்ட ராஜாஜி ஹாலைக் கட்டியவர் இவர்தான். அப்போது கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவுக்காக 1802-ல் கட்டி முடிக்கப்பட்ட விருந்து மண்டபம் அது. இதற்கிடையில் மாமல்லபுரம் சிற்பங்கள் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். 1808-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ஆனால் அவருடைய அன்றாட வேலை என்னவோ அளப்பதுதான். நட்சத்திரங்களைப் பார்த்து மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். 1796 முதல் தினமும் பாரோமீட்டர், தெர்மாமீட்டர் பார்த்து குறிப்பேட்டில் பதிந்தார்.

பீரங்கியை வைத்து என்ன செய்தார்?

புனித ஜார்ஜ் கோட்டையிலும், ராணுவ முகாம் இருந்த பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது அன்றைய வழக்கம். ஊருக்கே அது நேரம் சொல்லும் சத்தம். கோல்டிங்ஹாமுக்கு அது இலவசமாகக் கிடைத்த பரிசோதனைக் கருவி.

நுங்கம்பாக்கத்திலிருந்து பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர். கோட்டை சுமார் 4 கிலோமீட்டர். பீரங்கியின் வெளிச்சம் உடனே தெரிந்துவிடும். சத்தம் வர நேரம் ஆகும். வெளிச்சம் தெரிந்ததும் குரோனோமீட்டரின் டிக் டிக்கை எண்ண ஆரம்பித்து, சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் ஒலியின் வேகம் வந்துவிடும். அவ்வளவுதான் முறை.

1820, 1821 ஆண்டுகளில் இப்படி சுமார் 800 பதிவுகள் சேர்ந்தன. 1823-ல் ராயல் சொசைட்டியின் இதழில் முடிவுகள் வெளியாகின.

ஐரோப்பாவில் இதே மாதிரி சோதனைகள் ஏற்கனவே நடந்திருந்தன. ஆனால் பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிட்டன. கோல்டிங்ஹாம் ஒரு வருஷத்துக்கும் மேல் விடாமல் செய்தார். மார்கழிப் பனியிலும் செய்தார், கத்திரி வெயிலிலும் செய்தார். அதனால்தான் மாதத்துக்கு மாதம் வேகம் மாறுவது அவர் கண்ணில் பட்டது.

எங்கே சிக்கல் வந்தது?

ஜனவரியில் ஒலியின் சராசரி வேகம் விநாடிக்கு 1101 அடி என்று வந்தது. ஜூலையில் 1164 அடி. ஏன் இந்த 63 அடி வித்தியாசம்?

அவர் கையில் மூன்று கருவிகளின் கணக்கும் இருந்தது. ஜனவரியில் வெப்பம் 79 டிகிரி ஃபாரன்ஹீட், பாரோமீட்டரில் பாதரசம் 30.1 அங்குலம். ஜூலையில் வெப்பம் சுமார் 87 டிகிரி, பாதரசம் 29.9 அங்குலம். ஈரப்பதமானியும் மாறியிருந்தது. ஆக, மூன்றுக்குமே பங்கு உண்டு என்று முடிவு செய்தார். வெப்பம் ஒரு டிகிரி மாறினால் இத்தனை அடி, பாரோமீட்டர் பத்தில் ஒரு அங்குலம் மாறினால் இத்தனை அடி என்று திருத்தக் கணக்கு போட்டுக் கொடுத்தார்.

இதில்தான் தப்பு நடந்தது. காற்றின் அழுத்தம் கூடினால் அதன் அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடும். ஒன்று ஒலியை வேகமாக்கப் பார்க்கும், இன்னொன்று அதைப் பிடித்து இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரியாகக் கழிந்துபோகும். அதனால் வெப்பம் மாறாத வரைக்கும், பாரோமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் காற்றில் ஒலியின் வேகம் மாறாது.

அப்படியென்றால் அவருக்கு ஏன் அப்படித் தெரிந்தது? மெட்ராஸில் வெயில் ஏறும் மாதங்களில் பாரோமீட்டர் இறங்கும். குளிர் மாதங்களில் ஏறும். இரண்டும் கைகோர்த்துக்கொண்டே போகும். யார் செய்த வேலைக்கு யார் பெயரை எழுதுவது என்று பிரிக்க முடியவில்லை. வெப்பத்தின் கணக்கில் ஒரு பகுதி அழுத்தத்தின் பேரேட்டில் ஏறிவிட்டது.

இன்றைய சூத்திரப்படி பார்த்தால், அந்த வெப்ப வித்தியாசத்துக்கு வேகம் சுமார் 8 அடிதான் கூட வேண்டும். மீதி 55 அடி எங்கிருந்து வந்தது? பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கில் இருக்கிறது. ஜூலையில் தென்மேற்குக் காற்று அங்கிருந்து வரும் சத்தத்தைத் தள்ளிவிடும். ஜனவரியில் வடகிழக்குக் காற்று எதிர்த்து நிற்கும். கையால் நேரம் எண்ணுவதில் வரும் பிழையும் சேர்ந்திருக்கலாம். காற்று அடிக்கும் திசை வேகத்தை மாற்றுகிறது என்பதை கோல்டிங்ஹாமும் கவனித்து எழுதியிருந்தார். ஆனாலும் பாரோமீட்டர் மேல் விழுந்த பழி அப்படியே நின்றுவிட்டது.

இன்றைய சென்சாருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பெரிய சம்பந்தம் உண்டு. ஒரு அழுத்த சென்சாரின் உள்ளே மெல்லிய சிலிக்கான் தகடு இருக்கும். அழுத்தம் பட்டால் அது லேசாக வளையும். வளையும்போது அதன் மேல் இருக்கும் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் அழுத்தம் என்று படிக்கிறோம். ஆனால் வெயில் பட்டாலும் அதே மின்தடை மாறும். எது அழுத்தம், எது வெயில் என்று சென்சாருக்குத் தெரியாது. அதனால் பக்கத்திலேயே ஒரு வெப்ப சென்சாரை வைத்து, வெப்பத்தின் பங்கைக் கழித்துவிடுகிறார்கள்.

இதைக் கழிக்க முதலில் அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் தொழிற்சாலையில் அழுத்தத்தை அசையாமல் வைத்து வெப்பத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். பிறகு வெப்பத்தை அசையாமல் வைத்து அழுத்தத்தை மாற்றுவார்கள். கோல்டிங்ஹாமுக்கு இந்த வசதி இல்லை. மெட்ராஸ் வானத்தைப் பூட்டி வைத்து ஒன்றை மட்டும் மாற்ற யாரால் முடியும்?

அவர் கையாண்ட வழியே இன்று ஒரு சென்சாராகவும் ஆகிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் பி.எஸ். 6 டீசல் லாரிகள் பலவற்றில் டீசல் டேங்க் தவிர யூரியா கரைசலுக்குத் தனி டேங்க் உண்டு. புகையைச் சுத்தப்படுத்த அது தேவை. அந்தக் கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். யாராவது தண்ணீர் கலந்தால்? டேங்கின் உள்ளே இருக்கும் ஒரு வகை சென்சார் சின்ன ஒலித் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை எண்ணுகிறது. யூரியா குறைந்தால் ஒலியின் வேகம் மாறும், குட்டு வெளிப்பட்டுவிடும். கூடவே வெப்பத்தையும் அளக்கிறது. இல்லாவிட்டால் ஒரு வெயில் நாளில் நல்ல கரைசலைக் கலப்படம் என்று சொல்லிவிடும்.

தென்சென்னையில் தொடரும் கதை

கோல்டிங்ஹாம் மெட்ராஸை விட்டு இங்கிலாந்து திரும்பினார். 1830-ல் கண்காணிப்பகப் பொறுப்பை டி.ஜி. டெய்லர் ஏற்றார். 1849-ல் கோல்டிங்ஹாம் காலமானார்.

அவர் பார்த்துக்கொண்ட பள்ளி 1920-ல் கிண்டிக்குப் போனது. 1978-ல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தில் அதுவும், 1949-ல் ராஜம் நிறுவிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் சேர்ந்தே அங்கமாயின. எம்.ஐ.டி. ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கும் படிப்புகளில் ஒன்று அளவைக் கருவித் தொழில்நுட்பம்.

வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலில் எச்சரிக்கை மிதவைகளைப் போட்டுப் பராமரிப்பது இந்த நிறுவனம்தான். கடலடியில் இருக்கும் அழுத்த சென்சார், மேலே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் அளவு மாறினாலும் உணர்ந்துவிடும். அந்தச் செய்தியை மேலே மிதக்கும் கருவிக்கு அது ஒலியாகத்தான் அனுப்புகிறது. அங்கிருந்து செயற்கைக்கோளுக்குப் போகிறது.

கடல் நீரில் வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றுமே ஒலியின் வேகத்தை மாற்றும். காற்றில் செல்லாத அழுத்தக் கணக்கு, ஆழ்கடலில் செல்லும்.

கோல்டிங்ஹாமின் முடிவு ஒன்று தப்பாகிப் போனது. அவருடைய பதிவுகள் தப்பாகவில்லை. ஒலியின் வேகத்தை மட்டும் எழுதிவிட்டு மற்ற மூன்று கருவிகளையும் விட்டிருந்தால், அவர் எங்கே தவறினார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல சென்சாரில் அளக்க வேண்டியதோடு வெப்பத்தையும் சேர்த்தே பதிவு செய்வது இதற்காகத்தான்.